முன் சீட்டில் உட்கார்ந்த நாள்

ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு வராது. அதுவும் பேசுகிறவர் பெண்ணாக இருந்தால், உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே குறுக்கே விழுவேன். (புண்ணியம் சேர்கிறது என்றுகூட நம்பினேன்.)

அப்போது டெல்லியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். நம் ஊரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் வாழும் குடிசைப் பகுதி ஒன்றுக்குத் தெருக்குழாய் கேட்டு மனுப் போட்டிருந்தோம். என்னுடன் வேலை பார்த்த மீனாட்சி, மே மாத வெயிலில் மூன்று வாரம் சந்து சந்தாக நடந்து, குழாய் எங்கெங்கே வேண்டும் என்று வரைபடம் தயாரித்திருந்தாள். நான் கூலருக்கு முன்னால் உட்கார்ந்து அதற்கு அட்டை போட்டேன்.

கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் குப்தாஜிக்கு மறுநாள் மாற்றல். அன்றைக்கு விட்டால் எல்லாம் முதலிலிருந்து. அவர் அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் மீனாட்சி வாயைத் திறக்கும்போதெல்லாம், அவங்க என்ன சொல்ல வராங்கன்னா என்று இந்தியில் நானே புகுந்தேன். குப்தாஜி அசந்துபோனார். இடத்தை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன், நீங்களே ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வழி சொல்லுங்கள் என்றார்.

அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் ஏறி உட்கார்ந்தேன்.

பின் சீட்டிலிருந்து மீனாட்சி, "சார், அந்த ரவுண்டானால..." என்றாள். தெரியும்மா என்றேன். இன்னும் இரண்டு தடவை ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் கையைக் காட்டி அடக்கினேன். அப்புறம் அவள் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கொறிக்கத் தொடங்கினாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜீப் ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றது. எதிரே பிரமாண்டமான பண்ணை வீடு. நான் விடவில்லை. இறங்கி நின்று, இங்கேதான் ஜனங்கள் ஒரு குடம் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள் என்று உருக்கமாக ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் தோட்டக்காரர் ஒருவர் புல்வெளிக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நடுவில் செயற்கை நீரூற்று வேறு.

குப்தாஜி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மீனாட்சியிடம், ஏனம்மா நீ ஒன்றுமே சொல்லவில்லை என்று கேட்டார்.

"மூணு தடவை ஆரம்பிச்சேன் சார்."

அந்த நீரூற்றிலேயே முங்கிவிடலாம் போலிருந்தது எனக்கு. குப்தாஜி என்னைப் பின் சீட்டுக்குப் போகச் சொன்னார். மீனாட்சி வழி சொல்ல, கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். காலிக் குடங்களோடு நின்ற பெண்கள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. அவள் வரைபடத்தை விரித்து விளக்கினாள். பழக்கதோஷத்தில் நான், "அதாவது..." என்றேன்.

"அந்தப் பொண்ணு பேசட்டும்யா," என்றார் ஓர் அம்மா. "எங்களுக்குத் தண்ணி வேணும்."

வரைபடத்தில் இருந்த ஏழு குழாய்களுக்கும் ஜீப்பின் பானெட் மேலேயே கையெழுத்தானது.

மீனாட்சி இதை என் மனைவியிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் யார் பேச்சில் நான் குறுக்கிட்டாலும் தண்டனை ஒன்றுதான்: பின் சீட்டுக்குப் போக வேண்டும், அதாவது வாயை மூடிக்கொள்ள வேண்டும். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, பீச்சே" என்று அதை இந்தியில் சுருக்கிக்கொண்டாள்.

அவளுக்கு இப்போது குர்கானில் வேலை. போன வாரம் போன் செய்தாள். "அப்பா, இன்னிக்கு மீட்டிங்ல என்னைப் பேச விடாம குறுக்க குறுக்கப் பேசின ஒருத்தரைப் பின் சீட்டுக்கு அனுப்பிட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சபாஷ். ஆனா நீ என்ன சொல்லியிருக்கணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா," என்றாள். "நான் இன்னும் முடிக்கலை."