டவுட்டு அக்காவும் செவ்வாப்பேட்டை நாயும்

கும்மிடிப்பூண்டியில் சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ளும் ஒரே மனுஷி, எங்கள் டவுட்டு அக்கா. அப்போதும், "இது நேத்து வந்த அதே சூரியன்தானா?" என்று ஒரு கேள்வி பாக்கி வைத்திருப்பார்.

தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் எங்கள் கம்பெனி. நாய், பூனைகளை வெளியிலிருந்தே போனில் பார்க்க, அவற்றோடு பேச ஒரு கேமரா செய்தோம். நேரத்துக்குத் தானாகச் சோறு போடும் டப்பாவும் உண்டு. ஆப்பில் வரும் வாசகங்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பொருட்களைச் சோதிக்கும் செக்‌ஷனுக்கு அக்காதான் தலைமை. அந்த செக்‌ஷனில் இருந்ததும் அவர் மட்டும்தான்.

முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தமிழு எழுத ஒரு ஆளா? அதுக்கு சம்பளமா? இன்னாமா, உண்மைய சொல்லு. போட்டிக் கம்பெனி அனுப்ச்சுதா?"

"இல்லக்கா, நேர்முகத் தேர்வுக்கு வந்தேன், எடுத்தாங்க."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லிக்கினு வருவாங்க."

ஒரு வாரம் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்த பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.

'உங்கள் செல்லம் கடித்துவிட்டால் புதுசு தருகிறோம்' என்று விளம்பரம் செய்திருந்தோம். அக்காவுக்கு அது பேஜாராகப் போயிற்று. பல் தடத்தோடு வரும் ஒவ்வொரு கேமராவும் அவர் கண்ணுக்கு மோசடி.

"இது நாய் கடிச்சது இல்ல. ஊட்டுல எவனோ உக்காந்து கடிச்சிருக்கான்."

"மனுஷன் எப்டிக்கா பிளாஸ்டிக்கக் கடிப்பான்?"

"ஏன் முடியாது?" என்று ஒரு பழைய கேமராவை எடுத்து, ஷெட்டே அதிர நறுக்கென்று கடித்தார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் கடைவாய்ப் பல்லில் பாதி மேஜைமேல் விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வாடிக்கையாளருக்குப் புதுசு கொடுக்கச் சொல்லிவிட்டார். "நாயிதான் கடிச்சிருக்கு. இப்ப தெரிஞ்சுபோச்சு."

இப்படி இருக்கும்போதுதான் செவ்வாப்பேட்டைக்காரர் ஒருவரின் கடிதம் வந்து சேர்ந்தது. அவருக்கு ஒரே புகார். 'கேமராவில் வீடு தெரிகிறது, நாய் தெரியவில்லை.' கேமராவை மாற்றிக் கொடுத்தோம். மறுபடியும் அதே புகார். அடுத்த கடிதத்தில் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதியிருந்தார்.

"அந்த ஊட்டுல நாயே கெடையாது," என்றார் அக்கா.

முதலாளி சின்ன வயசுக்காரர், பொறுமையும் சின்னதுதான். "பணத்தத் திருப்பிக் குடுங்க மேடம். இன்னொரு கஸ்டமர் கோர்ட்டுன்னு பேசினா, உங்க செக்‌ஷனையே மூடிடுவேன்."

பணம் கொடுக்கும் முன் நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட, ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு, ரயில் மாறி, அக்கா செவ்வாப்பேட்டையில் இறங்கிவிட்டார்.

புகார்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டினோம், திறக்கவில்லை. ஜன்னல் மட்டும் ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே ஐம்பது வயதுக் கண் ஒன்று.

"யாரு?"

"கேமரா கம்பெனி."

"எந்தக் கம்பெனிக்காரன் ஊடு தேடி வந்துகிறான்? திருட வந்தீங்களா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "கரெக்டா கேக்குறாரு பாரு," என்று என்னிடம் கிசுகிசுத்தார். அடையாள அட்டையை உள்ளே நீட்டினோம். போட்டோவையும் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே நாய் இருந்தது. வயசான கறுப்பு நாட்டு நாய், பெயர் ராஜு.

"இது உங்க நாயா, பக்கத்து ஊட்டுதா?" என்றார் அக்கா. மனிதர் கோபத்தில் வாசலைக் காட்டி எங்களை வெளியே போகச் சொன்னார். நான் இடையில் புகுந்து சமாதானம் செய்யவேண்டியிருந்தது.

அப்புறம் அக்கா அவரைத் தெருமுனைக்குப் போய், ஆபீஸிலிருந்து பேசுவதுபோலவே போனில் பேசச் சொன்னார். நாங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அலமாரிமேல் இருந்த கேமராவிலிருந்து குரல் வந்தது.

"ராஜு, சாப்டியாடா?"

கேமராவுக்குத் தெரியாத மூலையில் படுத்திருந்த ராஜு எழுந்து ஓடியது. நேராகக் குரல் வந்த அலமாரிக்கு அடியில் போய், சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தலையை அண்ணாந்து வாலை ஆட்டியது. கேமரா அதன் தலைக்கு மேலே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ராஜு, எங்கடா கீற? ஒரு தபா மூஞ்சியக் காட்டுடா." குரல் கொஞ்சம் உடைந்தது. ராஜு இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.

அக்கா தன் போனில் அதைப் படம் பிடித்து, தெருமுனையிலிருந்து திரும்பி வந்தவரிடம் காட்டினார். பார்த்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பேசுனா எங்கியாச்சும் போயி ஒளிஞ்சிக்குதுன்னு நெனச்சேம்மா. தனியா உட்டுட்டுப் போறேன்னு கோவமோன்னு…"

"கோவம் இல்ல சார். கேமராவ எறக்கித் தரையில வையுங்க," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அவர் போனில் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய ஈர மூக்கு மட்டும்தான். புகார் வரவில்லை. அந்த மூக்கைப் படமாக எடுத்து நன்றி சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி செக்‌ஷனை மூடும் பேச்சை எடுக்கவில்லை. 'கேமராவை உங்கள் செல்லத்தின் உயரத்தில் வைக்கவும்' என்று நான் ஆப்பில் ஒரு வரி சேர்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டையிலிருந்து திரும்பி வரும் ரயிலில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். கேட்டதற்கு, "ஆவடிப் பக்கம் தூசி ஜாஸ்தி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் அது அவரு நாயிதானான்னு ஒரு டவுட்டு," என்றார்.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு சொன்ன அன்றே என் அறைக் கதவு தட்டப்பட்டது. "நெசமாவே ஜுரமான்னு பாக்க வந்தேன்." நெற்றியைத் தொட்டார். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அப்பால அடுப்பைப் பற்றவைத்தார். கஞ்சி, துவையல், அறையைப் பெருக்கல் எல்லாம் நடந்தது. "உன்ன நம்ப முடியாது, நாளைக்கும் வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் வந்தார்.

ஜுரம் விட்ட பிறகும் நான் ஒருநாள் கூடுதலாக இருமினேன். டவுட்டு அக்காவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் கஞ்சி வந்தது.