சிவப்புக் குடையும் பதினொரு பேரும்

பதினொரு பேர் இருக்க வேண்டிய வரிசையில் பதினான்கு பேர் நின்றார்கள்.

வழிகாட்டி தன் சிவப்புக் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்து மறுபடி எண்ணினார். பதினைந்து. பகல் பன்னிரண்டு மணிக்கும் துறைமுகப் பனிமூட்டம் விலகவில்லை. முகங்கள் முளைத்தன, கரைந்தன. கப்பல்கள் மறைந்து பாய்மரங்கள் மட்டும் வானத்தில் தொங்கின. நான்கு மொழிப் பெயர்ப்பலகைகள் எழுத்தைத் தொலைத்துவிட்டு வெறும் நிறங்களாக மிதந்தன.

வேலையில் அவருக்கு இது முதல் நாள். மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்: "முதல்ல பழைய தெருவை ஒரு சுற்று காட்டுங்க. அப்புறம் சாப்பாடு. ஒரு மணிக்குக் கப்பல். யாராவது பட்டினியோட ஏறினா நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

சுற்று முடிந்திருந்தது. சூப் கடைக்குள் நுழைந்தார். பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

"பசி உயிர் போகுது சார்," என்றார் தொப்பிக்காரப் பயணி.

"இதோ, மீன் கடைக்குப் போயிடலாம்."

மீன் கடையில் மசாலா தடவிய மீன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. வறுக்கத்தான் ஆளில்லை. ரொட்டிக் கடையில் அடுப்பு செக்கச்செவேலென்று கனன்றது. அங்கும் ஈ காக்கை இல்லை. ஊரே கண்ணை மூடிக்கொண்டு யாருடைய கனவிலோ நடப்பதுபோல் இருந்தது அவருக்கு.

கைப்பேசி அடித்தது.

"சாப்பிட்டாச்சா?" மேலாளர்.

"வாசனை பிடிச்சாச்சு சார்."

"எத்தனை பேர் இருக்காங்க?"

"இப்போதைக்கு... பத்தொன்பது."

"பதினொண்ணு எப்படிய்யா பத்தொன்பதாச்சு? குட்டி போட்டுச்சா?"

கப்பல் முதல் சங்கை ஊதியது. வழிகாட்டி குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கடைக்காரர்களைப் பிறகு தேடலாம், முதலில் ஓசிக் கூட்டத்தைக் கழிப்போம் என்று வரிசையின் வால் வரை ஓடினார். அங்கே முழங்கை வரை மாவோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"ஏம்மா, உங்க சீட்டைக் காட்டுங்க. சாப்பாடு போட ஒரு கடையிலயும் ஆளில்லாம நானே தவிக்கிறேன், நீங்க வேற!"

அம்மாள் தனக்கு முன்னால் சீட்டில்லாமல் நின்ற ஏழு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

"கடையில எப்படி தம்பி ஆளிருக்கும்? இருபது வருஷமா பக்கத்துக் கடை வாசனையை மட்டுமே சாப்பிட்ட நாங்க எல்லாரும், இன்னைக்காவது ஒரு வாய் ருசி பாக்கலாம்னு உங்க குடைக்குப் பின்னாலதானே வந்துட்டோம்!"