ஃபெல்லோக்கள் தவிர யாரும் புல்லில் நடக்கக் கூடாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் சௌக்கியம், என் வலது மணிக்கட்டு நீங்கலாக. அங்கே தாங்களும் வீட்டாரும் எல்லா மணிக்கட்டுகளுடனும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நமக்குள் சரியான பேச்சுவார்த்தை இல்லாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறபடியால் 'தாங்கள்' என்று மரியாதையாக ஆரம்பித்திருக்கிறேன். எத்தனை வரி தாங்கும் என்று தெரியவில்லை. கையில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல வேறொரு கை இதை எழுதுகிறது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். ஆகவே நடுவில் 'அந்த ஜன்னலைச் சாத்து' என்று வந்தால் அது உனக்குச் சொன்னது இல்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்த இன்ஸ்பெக்டருக்கு எதுவும் எழுத்தில் இருந்தால்தான் திருப்தி. பார்த்தாயா, 'தாங்கள்' அதற்குள் போய்விட்டது.

விஷயம் உன் அக்கா பிள்ளையைப் பற்றியது, அதாவது என் ஒரே பிள்ளை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பேங்கில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாசியைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றானே, ஞாபகம் இருக்கிறதா? பாசி, மச்சான், பாசி! தண்ணித் தொட்டிச் சுவத்துல பிடிக்குமே, வழுக்கி விழுவோமே, அது! நான் கூடத்தில் எல்லார் முன்னாலயும் 'யூஸ்லெஸ் ஃபெல்லோ'ன்னு கத்தினேன். புதுசா ஒண்ணும் கத்தலை, அவன் சைக்கிள் சாவியைத் தொலைச்ச நாள்லேர்ந்து அதுதானே அவனுக்கு வீட்டுப் பேரு. ஆனா அன்னிக்கு நீ எழுந்து, "அத்தான், இந்த வார்த்தையை ஒரு நாள் உங்க வாயாலயே வாபஸ் வாங்குவீங்க"ன்னு சொன்னே. "அதுக்கு வேற ஆளைப் பாரு"ன்னேன் நான். டீயைக்கூடக் குடிக்காம செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டே. அந்த டம்ளரைக் கழுவும்போது உன் அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

போன வருஷம் ஒரு நாள் அவன் போன் பண்ணி, "அப்பா, காலேஜ்ல என்னை ஃபெல்லோ ஆக்கிட்டாங்க"ன்னான். நான் உடனே, "அவங்க இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா? எனக்கு முப்பது வருஷமா தெரியும்டா"ன்னேன். பிரமாதமா ஜோக் அடிச்சதா நினைச்சு நானே சிரிச்சுக்கிட்டேன். நான் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் காத்திருந்தான். அப்புறம், "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க"ன்னான். அம்மாகிட்ட ஏதோ சம்பளம் கூடியிருக்குன்னு மட்டும் சொல்லி வச்சுட்டான். மேல படி, எதுக்கு இதைச் சொன்னேன்னு தெரியும்.

இப்போ நாங்க சீமையில இருக்கிற அவன் வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆகுது. சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போய்க் காலேஜைக் காட்டுறேன்னு சொல்லியிருந்தான். நான் வியாழக்கிழமையே, அவன் வேலைக்குக் கிளம்பின கையோட, உன் அக்காவைக் கிளப்பிட்டேன். "பிள்ளைதான் கூட்டிட்டுப் போறேன்னானே, அதுக்குள்ள என்ன அவசரம்?"னு கேட்டா. "சொல்லிட்டுப் போற சோதனையில எந்தக் கடைக்காரன் மாட்டியிருக்கான்?"னு அடக்கிட்டேன். உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அவன் கூட நடந்து போக எனக்குக் கூச்சம். பன்னிரண்டு வருஷமா அவன் வேலையைப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்லை. திடீர்னு பக்கத்துல நின்னு 'ஆகா, ஓகோ'ன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? அதான் டூரிஸ்டுகளோட டூரிஸ்டா டிக்கெட் எடுத்து, சட்டையில 'பார்வையாளர்'னு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு உள்ள போனோம். யானை போகிற அளவுக்குக் கதவு, அதுல பூனை போகிற அளவுக்கு ஒரு திட்டி வாசல், மனுஷன் அந்தத் திட்டி வாசல் வழியாத்தான் போகணுமாம். நெத்தியில நல்லா இடிச்சுக்கிட்டேன். வாசல்ல வட்டத் தொப்பி போட்ட காவலர், "எல்லாரும் இடிச்சுக்குவாங்க ஐயா, ஐந்நூறு வருஷமா இடிக்கிறாங்க"ன்னு ஆறுதல் சொன்னார்.

உள்ள போனா நாலு பக்கமும் கல் கட்டடம், படியெல்லாம் நடுவுல தேஞ்சு குழி விழுந்திருக்கு, நடுவுல சதுரமா புல்வெளி. ஒரு இலை, ஒரு குப்பை கிடையாது. ஓரத்துல ஒரு பலகை: 'ஃபெல்லோக்கள் தவிர யாரும் புல்லில் நடக்கக் கூடாது.' எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடிச்சு எங்க இருபது பேரையும் நடத்திக்கிட்டு வந்த வழிகாட்டிப் பொண்ணைப் பார்த்து, "ஏம்மா, ஒழுங்கா படிக்கிறவன் கல்லு மேல நடக்கணும், உருப்படாத பசங்களுக்கு மட்டும் புல்வெளியா? இது என்ன நியாயம்?"னு கேட்டேன். இருபது பேரும் திரும்பிப் பார்த்தாங்க. உன் அக்கா சட்டுனு தள்ளிப் போய் யாரோ மாதிரி ஒரு தூணைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. அந்தப் பொண்ணு பாவம், சிரிக்காம பொறுமையா சொல்லிச்சு: "ஐயா, ஃபெல்லோன்னா இங்க திட்டு இல்லை, இந்தக் கல்லூரியிலேயே பெரிய மரியாதை. எத்தனையோ வருஷம் ஆராய்ச்சி பண்ணினவங்களைப் பெரியவங்க எல்லாம் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. மொத்தமே நாப்பது பேர்தான். அவங்க பேரை சேப்பல்ல பலகையில எழுதி வைப்பாங்க, வாங்க காட்டுறேன்."

மச்சான், எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்துது. 'முப்பது வருஷமா தெரியும்டா.'

சேப்பல்ங்கிறது கல்லூரிக்குள்ளேயே இருக்கிற சர்ச். உள்ள போனா மேல அவ்வளவு உசரம், கண்ணாடி ஜன்னல் வழியா நீலமும் சிவப்புமா வெளிச்சம் வந்து என் வேட்டியில விழுது. எனக்கு எங்கயாவது உட்கார்ந்தா போதும்னு இருந்துது. கண்ணுல பட்ட நாற்காலியில உட்கார்ந்தேன். கைப்பிடியில சிங்கம் செதுக்கியிருந்தப்பவே நான் யோசிச்சிருக்கணும். அது கல்லூரித் தலைவர் உட்கார்ற நாற்காலியாம், வேற யாரும் உட்காரக் கூடாதாம். அந்தப் பொண்ணு குடையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுது, அதே நேரம் மேல யாரோ ஆர்கன் வாசிச்சுப் பழக ஆரம்பிச்சாங்க. தலைக்கு மேல ரயில் வந்த மாதிரி ஒரு சத்தம்! "ஐயோ!"ன்னு நான் போட்ட அலறல் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்து மூணு தடவை கேட்டுது. ஆர்கன்காரர் வாசிப்பை நிறுத்திட்டு எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷன்.

அப்புறம் பலகையைப் பார்த்தேன். கறுப்பு மரம், தங்க எழுத்து. மேல இருக்கிற பேரெல்லாம் செத்துப் போய் நானூறு வருஷம் ஆனவங்க. கடைசி வரியில நம்ம பயல் பேரு. பேருக்கு முன்னால ஒரு எழுத்து, ஒரு புள்ளி. என் பேரோட முதல் எழுத்து, மச்சான். என் இனிஷியல். அந்தப் பலகையில வேற யாருக்கும் அப்படி ஒத்தை எழுத்து முன்னால இல்லை. பழக்கம் விடாம சட்டைப் பையிலேயே வச்சிருக்கிற ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன், ஒன்றரை அங்குலம். நான் அவனுக்குக் கொடுத்தது ரெண்டே ரெண்டுதான், இந்த எழுத்தும் அந்தத் திட்டும். திட்டை மனசுக்குள்ள வச்சுக்கிட்டு எழுத்தைத் தங்கத்துல எழுதி வச்சிருக்கான். உன் அக்கா முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டே, "தூசி"ன்னா. எனக்கும் அதே தூசிதான்.

தூசியைச் சாக்கு வச்சு வெளிய வந்தேன். சேப்பலோட வடக்குப் பக்கச் சுவர், புல்வெளியைப் பார்த்தது. உள்ள என் இனிஷியல் மின்னுது, வெளிய பார்த்தா சுவர் பூரா பச்சைப் பசேல்னு பாசி! எனக்கு மனசு தாங்கலை. பிள்ளைக்கு நாம என்னதான் செஞ்சோம், இதையாவது செய்வோம்னு ஸ்டீல் ஸ்கேலால சுரண்ட ஆரம்பிச்சேன். நடு நடுவுல யாரோ நம்பர் போட்ட குட்டிப் பித்தளை ஊசியெல்லாம் குத்தி வச்சிருந்தாங்க. விஷமக்காரப் பசங்க வேலைன்னு ஒவ்வொண்ணா பிடுங்கிக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டேன். "அடுத்தவங்க சுவரு, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னா உன் அக்கா. "அடுத்தவங்க சுவரா? நம்ம இனிஷியல் இருக்கிற சுவருடி!"ன்னேன். முழங்கை நீளத்துக்குப் பளிச்சுனு ஆனப்போ, பின்னாலேர்ந்து வட்டத் தொப்பிக்காரர் ஓடி வந்தார்: "ஐயா! ஐயா! தொடாதீங்க! அது ஃபெல்லோவோட பாசி!"

திரும்பினேன். கால் வழுக்கிடுச்சு. எதுல வழுக்கினேன்னு நீ கேட்க வேண்டாம், நான் சுரண்டிக் கீழ போட்டது அங்கதான் கிடந்துது. கையை ஊன்றினேன், மணிக்கட்டு பிசகிடுச்சு. தொப்பிக்காரர், "யார் ஐயா நீங்க?"ன்னு கேட்டார். நான் முப்பத்திரண்டு வருஷம் 'இன்ஸ்பெக்டர்'னு சொல்லிப் பழகின ஆள். அன்னிக்கு வாயில வந்தது வேற. "நான் அந்த ஃபெல்லோவோட அப்பா"ன்னேன். அந்த மனுஷன் தொப்பியைக் கழட்டிட்டார்.

அவர் போன் பண்ணின ரெண்டாவது நிமிஷம் எதிர்க் கட்டடத்துலேர்ந்து நம்ம ஆள் ஓடி வரான். சுத்தி வரலை மச்சான்! கல்லுப் பாதையை விட்டுட்டு, புல்லு மேல, நட்ட நடுவுல, நேரா ஓடி வந்தான்! இருபது டூரிஸ்டும் வாயைப் பொளந்து பார்த்தாங்க. காவலர் தடுக்கலை. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலை. எனக்குக் கையும் வலிச்சுது, காலும் வலிச்சுது, ஆனா "இன்னொரு தடவை ஓடுடா, பார்க்கிறேன்"னு சொல்லலாம் போல இருந்துது. வந்தவன் மண்டி போட்டு முதல்ல என் கையைப் பார்த்தான். விரலை ஆட்டச் சொன்னான். அம்மா பயப்படாதேன்னான். அப்புறம்தான் சுவரைப் பார்த்தான்.

ஒன்பது வருஷமா அளந்துக்கிட்டு வந்த பாசி. வருஷத்துக்கு ஒரு நகக்கண் அளவு வளர்ந்தா பெரிய விஷயமாம். அவன் நோட்டைப் பார்த்தேன். தேதி, ஊசி நம்பர், அளவு, கையெழுத்து, கட்டம் போட்டு வரிசையா எழுதியிருக்கான். என் சோதனை நோட்டு மாதிரியே! அப்பன் தொழிலைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கான், எனக்குத்தான் தெரியலை. நான் கைக்குட்டையை நீட்டினேன். ஊசியை எல்லாம் எண்ணிப் பார்த்துட்டு, "ஒண்ணுகூடத் தொலையலைப்பா, இன்ஸ்பெக்டர்னா இன்ஸ்பெக்டர்தான்"ன்னு சிரிச்சான். சுரண்டின இடத்துல திரும்ப எப்படி வளருதுன்னு பார்க்க அவனுக்கு ரொம்ப நாளா ஆசையாம், கல்லூரியில அனுமதி கொடுக்கலையாம், நான் வந்தது நல்லதாப் போச்சாம். பொய்! தராசுல காந்தம் ஒட்டி வச்சுட்டு முழிக்கிற கடைக்காரனை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன் நான். ஆனா என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்ன பொய். நான் பிடிக்கலை, விட்டுட்டேன்.

இப்போ கடிதத்தோட முக்கியமான இடத்துக்கு வரேன். ஊரான் தராசையெல்லாம் சோதிச்சேன், மச்சான், என்னோடதைச் சோதிக்கலை. என் பிள்ளையை நான் குறைச்சு நிறுத்துட்டேன். அவனைப் பார்த்து இதைச் சொல்ல மூணு நாளா முயற்சி பண்றேன். வாயைத் திறந்தா "ஃபேனை ஏன் போட்டே, ஃபேனை ஏன் நிறுத்தினே"ன்னுதான் வருது. அதனால உன்கிட்ட சொல்றேன், நீ சாட்சி: 'யூஸ்லெஸ்' வாபஸ். 'ஃபெல்லோ' அப்படியே இருக்கட்டும். எழுதியாச்சா? என்ன, பேனா நின்னுடுச்சு? எழுது, எழுது. வாபஸ்ங்கிறதுக்கு அடியில ஒரு கோடு போடு. மூக்கை உறிஞ்சாதே, காகிதத்துல விழப்போகுது. இதை அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே, மச்சான். தெரிஞ்சா தலையில ஏறி உட்கார்ந்துக்குவான்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் குறைவில்லாமல் நிறுத்து அனுப்பியிருக்கிறேன், பகிர்ந்துகொள். நாங்கள் ஊர் திரும்பியதும் நீ வந்து அன்றைக்கு வைத்துவிட்டுப் போன டீயைக் குடித்து முடிக்க வேண்டும். புதிதாகப் போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பி.கு.: மாமா, இதுவரை எழுதிய கை என்னுடையதுதான். டாக்டர் கட்டை நேற்றே பிரித்துவிட்டார், சாதாரணச் சுளுக்குதான். இன்று காலை யாராலும் திறக்க முடியாத ஜாம் பாட்டிலை அப்பா அதே கையால் ஒரே திருகில் திறந்தார். சாப்பிட்டு முடித்ததும் கட்டைத் தானே திரும்பச் சுற்றிக்கொண்டு, "கை அசையலை, ஒரு கடிதம் எழுதணும், வா"ன்னு என்னைக் கூப்பிட்டார். அம்மாவை எழுதச் சொல்லட்டுமான்னு கேட்டேன். "அவ கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நீயே எழுது"ன்னார். அம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். 'அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே' வரியை மட்டும் என்னை ரெண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான் மூச்சு விடவில்லை, மாமா. பாசி பற்றி அப்பாவிடம் நான் சொன்னது பொய்தான்.

பி.கு.வுக்குப் பி.கு.: மச்சான், மேலே பி.கு.வில் இருப்பதெல்லாம் அந்த ஃபெல்லோவின் கற்பனை. அவன் டீ போடப் போயிருக்கும் சமயத்தில் இதைச் சேர்க்கிறேன். கை இன்னும் ஒரு வாரத்துக்குத் துளியும் அசையாது, பேனா பிடிக்க வழியே இல்லை. இதை நானே என் கைப்பட எழுதி உறுதி செய்கிறேன்.