நோரா, பிரிட்ஜெட், கேத்லீன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில், "நோரா, கப்பல் ஏறாதே" என்று சேதுராமன் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கண் விழித்தால், கட்டிலோரம் மனைவி பாக்கியலட்சுமி நின்றிருந்தாள்.

"அப்போ நோரா போகப் போறாளா?" என்றாள் தணிந்த குரலில்.

சேதுராமன் எழுந்து உட்கார்ந்தார். நோரா, அவர் படித்துக்கொண்டிருந்த நாவலில் வரும் ஐரிஷ் பெண். அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கதையில் வருகிறவளைத் தூக்கத்தில் கூப்பிடுகிற புருஷனை எவள் மதிப்பாள்?

"யாரு நோரா? எனக்கு யாரையும் தெரியாது லா."

பாக்கியலட்சுமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்குத் திரும்பிய ஐரிஷ் துரை ஒருவர் தம் நாவல்களையெல்லாம் மலாக்காவின் காஜா பெராங் படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நமக்கு முன்னாலேயே இங்கிலீஷ்காரனிடமிருந்து கழன்றுகொண்ட ஜனங்களாயிற்றே, எப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று பார்ப்போமே என, கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவான சேதுராமன் ஒன்றை எடுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தகரக் கூரையில் விழுந்ததெல்லாம் அயர்லாந்து மழை. தெங்கேராக் கடலோரம் சைக்கிள் மிதித்தால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து செம்பட்டை முடிக்காரி ஒருத்தி கையசைப்பாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தால்கூட, தூரத்துத் தேவாலய மணியாகத்தான் அவர் காதில் விழும்.

மறுநாளே நோராவைப் பாதியில் திருப்பிக் கொடுத்தார்.

"பொண்ணுங்களே வராத நாவலா ஒண்ணு குடு தம்பி" என்றார், படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷரீஃபுதீனிடம்.

"ஐரிஷ் நாவல்னா மழை இருக்கும், பாதிரியார் இருப்பாரு, பொண்ணும் இருக்கும்ணே. சண்டை வேணுமா, பஞ்சம் வேணுமா, அதை மட்டும் சொல்லுங்க."

அட்டையில் துப்பாக்கி இருந்ததைப் பார்த்துச் சண்டையை எடுத்தார். நாற்பதாம் பக்கத்தில் மாவுப் பீப்பாய்க்குள் துப்பாக்கியை ஒளித்துவைத்துக்கொண்டு பிரிட்ஜெட் வந்துவிட்டாள். சேதுராமன் என்ன செய்வார், பாவம். மூன்று நாள் அவளோடு மலைச்சரிவுகளில் ஓடினார். அந்த மூன்று நாளும் வீட்டில் மீன் கறி அடிபிடித்திருந்தது. அவள் கோபம் சமையலில் தெரிகிறது என்று நினைத்து, கருகியதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் பாக்கியலட்சுமியே கேட்டாள். "இந்த பிரிட்ஜெட் கதை எப்பங்க முடியும்?"

தூக்கத்தில் இதையும் உளறிவிட்டோம் என்று நினைத்து அவர் புத்தகத்தை மூடினார்.

"இன்னிக்கே முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படிப்பகத்துக்கு ஓடினார். திரும்பி வந்து நல்ல செய்தியாக, "பிரிட்ஜெட்டும் போயிட்டா" என்றார். பாக்கியலட்சுமி அன்று அவர் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்தது பஞ்சம். அட்டையில் ஒரு கிழவரும் அழுகிய உருளைக்கிழங்கு வயலும்தான் இருந்தன. இதில் வம்பு வராது என்று நம்பி எடுத்துவந்தார். கிழவருக்கு கேத்லீன் என்று ஒரு மகள் இருந்தாள். கடைசிக் கிழங்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று வீட்டில் உருளைக்கிழங்குக் கறி. சேதுராமன் ஒரு துண்டைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கேத்லீன்" என்று பெருமூச்சு வந்தது.

பாக்கியலட்சுமி கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவர் கையைக்கூடக் கழுவாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். வந்ததும், "இனிமே எந்த ஐரிஷ்காரியும் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா" என்று கையடித்துச் சத்தியம் செய்தார்.

அவள் எழுந்து துணிப்பையை எடுத்தாள். "மூணு பொண்ணுங்களைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க. என்னை மட்டும் விடமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? நான் குருபோங்ல அக்கா வீட்டுக்குப் போறேன்."

வீடு வெறிச்சென்றாகிவிட்டது. கூரையில் மழை விழுந்தது. அது சாதாரண மலாக்கா மழையாகத்தான் இருந்தது. சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், மானம் போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நனைந்தபடியே படிப்பகத்துக்கு வந்து சேர்ந்தார்.

"தம்பி, அந்த மூணு புத்தகத்தையும் குடு. பாக்கியத்துக்கிட்ட காட்டணும். அவளுங்க வெறும் கதைல வர்றவங்கன்னு அவளுக்குப் புரியணும்."

ஷரீஃபுதீன் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினான்.

"மூணையும் அண்ணி இப்பத்தான் எடுத்துக்கிட்டு பஸ் ஏறினாங்க; நீங்க வேலைக்குப் போன நேரத்துல படிச்சதை, விட்ட இடத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்களாம், அதுவரைக்கும் உங்களைப் புத்தகத்துக்கிட்டயே விடக் கூடாதாம்."