கச்சான் பிடுங்குப்பாடு

"இந்த நாட்டில வேலை இருக்கு. செய்யத்தான் சனம் இல்லை."

தர்மபுரம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சிற்றம்பலம் இதைச் சொல்லாத நாள், கடை பூட்டிய நாளாகத்தான் இருக்கும். சொல்லும்போது அவர் ஒரு கதிரையில் இருப்பார், அவருடைய கால் இன்னொரு கதிரையில் இருக்கும். காலை எட்டு மணிக்கு வந்தால் பத்தரை மணி வரைக்கும் சனத்தின் சோம்பேறித்தனத்தைப் பற்றி ஓய்வில்லாமல் உழைப்பார்.

"எந்த வேலையும் குறைஞ்ச வேலையில்லை. கூலியைப் பாக்கக்கூடாது, வேலையைப் பாக்கவேணும்" என்று முடித்துவிட்டு எழும்புவார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.

அந்த மாசி மாதம் அவருக்கே ஆள் தேவைப்பட்டது. இரண்டு ஏக்கர் கச்சான், அதாவது நிலக்கடலை. இப்படி ஒரு விளைச்சலை அவர் பத்து வருடமாகக் காணவில்லை. இலை மஞ்சளாகிவிட்டது. இன்னும் நாலைந்து நாள் விட்டால் காம்பு இற்றுப்போகும். இழுக்கச் செடி வரும், காய் மண்ணுக்குள் நிற்கும். அதற்கிடையில் மழை பெய்தாலோ, காய் நிலத்துக்குள்ளேயே முளைத்துவிடும். பகலில் மயிலும் இரவில் பன்றியும் வந்து பிடுங்கத் தொடங்கிவிட்டன. அந்த வருடம் சிற்றம்பலத்தின் காணிக்கு ஒழுங்காக வேலைக்கு வந்தது அதுகள் மட்டும்தான்.

ஊரில் ஒரு நாள் கூலி இரண்டாயிரம். சிற்றம்பலம் கொடுப்பது ஆயிரத்து முந்நூறு. அவர் கஞ்சன் இல்லை. காசு கூடினால் சனம் கெட்டுப்போகும் என்று உண்மையாகவே நம்பினார். மிச்ச எழுநூறையும் ஊரின் ஒழுக்கத்துக்காகத்தான் தன் மடியில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, ஒவ்வொருத்தராகப் போன் அடித்தார். மனைவி விமலேஸ்வரி பக்கத்தில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை ஜெயரூபி, சிற்றம்பலண்ணை கதைக்கிறன். நாளைக்குக் கச்சான் பிடுங்க வரேலுமே?"

"ஐயோ அண்ணை, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டம்."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லே?"

"அதுதான் அண்ணை. லீவு நாளெண்டபடியால் எல்லாப் பெற்றோரும் வருவினம்."

அடுத்தது கௌசலா. அவளுக்கு முழங்கால் நோவு.

"நேற்றுக் குகதாசன்ர காணியில குந்தியிருந்து பிடுங்கினதை நான் கண்டனே, பிள்ளை?"

"ஓமண்ணை. அங்கை இரண்டாயிரம். அதுக்கு நோகேல்லை. ஆயிரத்து முந்நூறு எண்டு நினைக்கத்தான் குத்துது."

ஏழு பேருக்கு அடித்தார். ஏழு பேருக்கும் ஏழு சாட்டு. சிற்றம்பலம் போனை மடியில் போட்டார்.

"பாத்தியே விமலேஸ்? நான் சந்தியில சொல்லுறது பொய்யே? வேலை செய்ய மனமில்லாத சனம்!"

"இஞ்சாருங்கோ, அந்த இரண்டாயிரத்தைக் குடுங்கோவன்."

"உனக்கு இதொண்டும் விளங்காது. இண்டைக்கு இரண்டாயிரம் குடுத்தால் நாளைக்கு மூவாயிரம் கேப்பினம். நாளையிண்டைக்குக் காணியை எழுதித் தா எண்டுவினம்."

"மழை வந்தால் கச்சான் காடா முளைச்சு நிக்கும். அதுக்கு நடுவில கதிரையைப் போட்டு இருங்கோ."

சிற்றம்பலம் எழும்பினார். சாரத்தை உயர்த்திக் கட்டினார். ஒரு பெரிய முடிவு அவருக்குள் வந்துவிட்டது.

"ஒருத்தரும் வேண்டாம். நாங்களே பிடுங்குவம். நீயும் நானும்!"

"அப்ப எனக்கு எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"கூலி."

சிற்றம்பலம் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "வீட்டுக்காரிக்கு ஆரும் கூலி குடுப்பினமே?" விமலேஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். அவர் நிறுத்தின பிறகும் அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள். அதை அவர் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குத் தொடங்கினார்கள். ஏழேகாலுக்குச் சிற்றம்பலத்தின் முதல் நிரை பாதியில் நின்றது. "ஐயோ, என்ர நாரி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாலை மர நிழலுக்குப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. மேற்பார்வை பார்த்தார்.

"விமலேஸ், அந்தக் கரையில ஒரு செடி விட்டிட்டாய்!"

"கண்டனான்."

"கையில ஓட்டம் காணாது!"

அவள் பதினொரு மணி வரைக்கும் பிடுங்கினாள். ஓடிப்போய்ச் சமைத்தாள். அவருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பொழுதுபடுமட்டும் பிடுங்கினாள். பின்னேரம் சிற்றம்பலம் வரம்பில் நின்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியே, ஒரே நாளில பத்து நிரை முடிச்சிட்டம்!"

அந்த 'ட்டம்' என்பதில் இருந்த பன்மையை விமலேஸ்வரி கவனித்தாள்.

திங்கட்கிழமை விடிய அவர் எழும்பியபோது குசினி மேசையில் பிளாஸ்கில் தேத்தண்ணி இருந்தது. தட்டில் பாண் இருந்தது. விமலேஸ்வரி இல்லை. கிணற்றடியில் இல்லை. காணியிலும் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத் தன் வழமையான உழைப்புக்காகச் சந்திக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டார்.

வழியில் குகதாசனின் காணி. பெண்கள் ஒரு நிரையாகக் குந்தியிருந்து கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி போட்டிருந்த நீலநிற நீட்டுக்கைச் சேட் அவருக்குத் தெரிந்த சேட்டாக இருந்தது. அது அவருடையதுதான். சேட்டை அடையாளம் கண்ட பிறகுதான் உள்ளே இருந்த மனைவியை அடையாளம் கண்டார்.

"விமலேஸ்! உங்கை என்ன செய்யிறாய்?"

"வேலை."

"என்ர மனிசி கூலிக்குப் போறதோ? சனம் என்ன சொல்லும்?"

"எந்த வேலையும் குறைஞ்ச வேலையில்லை எண்டு சந்தியில ஒருத்தர் கனகாலமாச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவர் சொல்லித்தான் வந்தனான்."

நிரை முழுவதும் குனிந்தபடியே குலுங்கியது. காணிக்காரன் குகதாசன் வேலிக் கரைக்கு வந்தான்.

"அண்ணை, அக்காவின்ர கையில என்ன ஓட்டம்! இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

சிற்றம்பலம், "அப்ப எங்கட கச்சான்?" என்று கேட்டார்.

"அதுக்கு ஆள் பிடியுங்கோ" என்றாள் விமலேஸ்வரி. "இப்ப போட்டு வாங்கோ. வேலை நேரத்தில கதைச்சால் முதலாளிக்குப் பிடிக்காது."

இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தார். விமலேஸ்வரி விடியப் போய்ப் பின்னேரம் வந்தாள். வந்து சமைத்தாள், சிரித்துக் கதைத்தாள், காணியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. கச்சான் பிடுங்கினால் கச்சான் வரும். சிற்றம்பலம் வீட்டிலோ பிடுங்குப்பாடுதான் வந்தது. அந்தப் பிடுங்குப்பாட்டுக்கும் அவர் ஒருத்தர்தான் ஆள். மற்றப் பக்கம் சண்டைக்கே வரவில்லை.

புதன்கிழமை முல்லைத்தீவுப் பக்கத்து வானம் கறுத்தது. வார முடிவில் மழை என்று வானொலி சொன்னது. காணிக்கு ஓடிப்போய் ஒரு செடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மூன்று காய் வந்தது. மண்ணைக் கிண்டினார். உள்ளே இன்னும் ஒன்பது கிடந்தது.

செடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். உழவுக்குக் கொடுத்தது, விதைக்குக் கொடுத்தது, கார்த்திகை மழையில் நனைந்து நனைந்து வாய்க்கால் வெட்டியது எல்லாம் நெஞ்சுக்குள் வந்தது. இந்தக் கச்சானை நம்பித்தான் தண்ணிப் பம்புக்கு முற்பணம் கட்டியிருந்தார். ஒவ்வொரு செடிக்கும் ஒன்பது காயை மண்ணுக்குள் விட்டால், அவர் மடியில் பத்திரமாக வைத்திருந்த எழுநூறு எந்த மூலைக்குக் காணும்?

போனை எடுத்தார்.

"பிள்ளை ஜெயரூபி, சரி. இரண்டாயிரம்."

"அண்ணை, இப்ப நாங்கள் தனித்தனிய வாறேல்லை. குழுவாத்தான் வாறது. பன்ரெண்டு பேர். தலைவியைக் கேக்கவேணும்."

"ஆர் உங்கட தலைவி?"

"அவா இப்ப வேலையில நிக்கிறா. வேலை நேரத்தில போன் கதைக்க மாட்டா. சரியான கண்டிப்பு."

சிற்றம்பலத்துக்குச் சந்தோசம் பொங்கியது. "அப்பிடியான ஆக்கள்தான் பிள்ளை, நாட்டுக்குத் தேவை! கேட்டுச் சொல்லு."

ஜெயரூபி போய்க் கேட்டுவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தாள். "ஓமாம் அண்ணை. நாளைக்கே வரலாமாம். பத்து மணிக்குப் பால் தேத்தண்ணியும் வடையும் வேணுமாம்."

"வடையோ? சரி."

"ஒரு மணிக்குச் சோறு. இரண்டு கறி, கருவாட்டுப் பொரியல். கடைச் சாப்பாடு கூடாதாம், வீட்டில சமைச்சதா இருக்கவேணுமாம்."

"அதுக்கென்ன, வீட்டில சமைக்க ஆள் இருக்குத்தானே!"

மற்றப் பக்கத்தில் பலபேர் ஒன்றாக இருமுகிற சத்தம் கேட்டது.

"என்ன பிள்ளை அது?"

"தூசி அண்ணை. கடைசியா ஒண்டு. காணிக்காரர் வரம்பில நிண்டு கையில ஓட்டம் காணாது, அது இது எண்டு சொல்லக்கூடாதாம். சொல்லுறதெண்டால் நாளுக்கு ஐந்நூறு மேலதிகம்."

"நான் ஏன் பிள்ளை கதைக்கிறன்?" என்றார் சிற்றம்பலம், மனம் நொந்து.

ஆனால் போனை வைத்தபோது அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது. சாப்பாட்டை விமலேஸ்வரி தலையில் கட்டியாயிற்று. அதற்கு ஒரு சதம் கூலி இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் குழுவை ஏமாற்றியது அவர்தான்.

பின்னேரம் மனைவி வந்ததும் கட்டளை போட்டார். "நாளைக்குப் பன்ரெண்டு பேருக்குச் சமையல் இருக்கு, விமலேஸ்."

"நல்லது" என்றாள் அவள். "வடைக்கு உழுந்து அரைச்சு வைக்கிறன். அரிசி சாக்கில இருக்கு, பருப்புப் போத்தில் மேல்தட்டில. கருவாடு பேப்பரில சுத்தி இருக்கு."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

"தெரிஞ்சு வைக்கிறது நல்லதுதானே."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் படலையடியில் வந்து நின்றது. பெட்டியிலிருந்து ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். சிற்றம்பலம் எண்ணினார். பதினொன்று.

"பன்ரெண்டு எண்டெல்லோ கதை? எங்கை பிள்ளை உங்கட தலைவி?"

"தலைவி வந்திட்டா அண்ணை."

அவருக்குப் பின்னால், அவருடைய குசினி வாசலால், அவருடைய நீலச் சேட்டோடு, தலையில் துவாய் கட்டிக்கொண்டு விமலேஸ்வரி வந்தாள்.

"வாங்கோ பிள்ளையள், மேற்குக் கரையில தொடங்குவம்." நாலடி நடந்து திரும்பினாள். "முதலாளி, பத்து மணித் தேத்தண்ணி பிந்தக்கூடாது."

சிற்றம்பலம் கத்தியிருப்பார். கிழக்கே ஒருமுறை வானம் உறுமியது. குசினிக்குள் போனார்.

அன்று அந்தக் குசினி பட்ட பாடு சொல்ல ஏலாது. தேங்காய் திருவியதில் பாதி தேங்காய், பாதி விரல். வடை என்று எண்ணெய்க்குள் விட்டது வேறு ஏதோவாக வெளியே வந்தது. வெங்காயம் உரித்து அழுத கண்ணோடு நெளுக்குளத்தில் இருக்கும் மகள் சுதாஜினிக்குப் போன் அடித்தார்.

"பிள்ளை, பருப்புக்கு எவ்வளவு உப்பு?"

"அளவாப் போடுங்கோ அப்பா."

"அளவெண்டால் எவ்வளவு?"

"அளவெண்டால் அளவுதான் அப்பா. அம்மா எங்கை?"

அவர் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தார். சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஒரு மணிக்குப் பாலை மரத்தடியில் பன்னிரண்டு பேரும் வரிசையாக இருந்தார்கள். சிற்றம்பலம் அகப்பையோடு நின்றார். இத்தனை வருடத்தில் காணிக்குள் அவர் வாய் திறக்காமல் நின்றது அன்றுதான். முதல் வாய் போனது. பதினொரு பேரும் தலைவியைப் பார்த்தார்கள். பிறகு கௌசலா சோற்றுக் கோப்பையை நீட்டினாள்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் பருப்பு விடுங்கோ."

பின்னால் ஜெயரூபி நீட்டினாள். அதற்குப் பின்னால் எல்லாரும் நீட்டினார்கள். சட்டி வழித்தாயிற்று. சிற்றம்பலத்தின் நெஞ்சு, மண்ணுக்குள் தண்ணி கண்ட கச்சான் மாதிரி ஊதியது.

வெள்ளிக்கிழமை கத்தரிக்காயைப் பொரித்துப் பால்கறி வைத்தார். சனிக்கிழமை தாளிதத்துக்குப் பெருஞ்சீரகம் போட்டார். மூன்று நாளாகச் சந்திப்பக்கம் போக நேரமில்லை. அவரைக் காணாமல், அவர் சமைக்கிற செய்தியைக் கேட்டு, கடைக்காரர் தானே காணிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிச் செடியும் வந்தது. மண்ணுக்குள் நின்றதையும் கிண்டி எடுத்து, காய் முழுவதும் ஆய்ந்து, நாற்பத்திரண்டு உரப்பைகளில் கட்டி வீட்டு மண்டபத்துக்குள் அடுக்கினார்கள். அவர் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கூலி கொடுத்தார். பன்னிரண்டாவதாக விமலேஸ்வரி கை நீட்டினாள். ஒரு கணம் தயங்கினார். பதினொரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொடுத்தார்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. தகரக் கூரை அதிர, மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்து இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள். சிற்றம்பலத்துக்கு மனம் நிறைந்திருந்தது.

"இரண்டாயிரம் சரியான கூலிதான் விமலேஸ். அதுகள் மாடாய்ப் பாடுபடுகுதுகள். நான் முதலே அப்பிடித்தான் நினைச்சனான்."

"ஓம்" என்றாள் அவள். "நாளையிண்டை தொடக்கம் குழுவுக்கு விசுவமடுவில இருவது நாள் வேலை. சமைக்க ஒரு ஆள் வேணும். எல்லாரும் உங்கட பேரைத்தான் சொன்னவை."

"நான் இரண்டு ஏக்கர் காணிக்காரன். கூலிக்குச் சமைக்கிறதோ?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எல்லாருமோ சொன்னவை?" என்றார்.

"எல்லாரும். நாளுக்கு இரண்டாயிரம்."

அவர் மீசையைத் தடவினார். மழையைப் பார்த்தார். "எத்தினை மணிக்கு வரவேணும்?"

"ஐஞ்சரைக்கு. ஆனால் பருப்புக்கு உப்பைக் கொஞ்சம் குறையுங்கோ. வாயில வைக்கேலாமல் கிடந்தது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பன்ரெண்டு பேரும் திருப்பித் திருப்பிக் கேட்டு வாங்கினவையெல்லே!"

"கேக்கச் சொன்னதே நான்தான். இல்லாட்டி அடுத்த நாள் நீங்கள் சமைச்சிருப்பியளே?"