சக்திகர் நிறுத்தம்

சர்க்கரை இருநூற்று நாற்பது. டாக்டர்பாபு ரிப்போர்ட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அந்த நிமிஷமே என் வாழ்க்கை கை மாறிவிட்டது.

இனிப்பு கூடாது, ஞாயிற்றுக்கிழமையாவது உடம்பு வேர்க்க வேண்டும் என்றார் அவர். விஜயலக்ஷ்மி இரண்டையும் அன்றைக்கே அமலுக்குக் கொண்டுவந்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த சந்தேஷ் எதிர்வீட்டு பெங்காலி மாமி கோஷ் பௌதிக்குப் போயிற்று. நான் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றி அவள் பின்னால் போனேன். ஞாயிறுதோறும் ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அவள் தம்பி எவ்வளவு ஒல்லியாக இருக்கிறான் என்று ஒரு விவரம்.

நான்காவது ஞாயிறு வீராவேசமாக எழுந்தேன்.

"விஜி, இனிமே வாக்கிங் கிடையாது. சைக்கிள்!"

"எதுவரைக்கும்? பால் பூத் வரைக்குமா?"

"ஹவுராலேர்ந்து ஜி.டி. ரோடைப் பிடிச்சு பர்த்வான். அங்கேர்ந்து கால்வாய்க் கரையோட துர்காபூர் அணை. அணையைத் தாண்டினா சுசுனியா மலை! வழி பூரா நெல் வயல், பனை மரம், கொக்கு..."

"உங்களுக்கு அம்பத்திமூணு வயசு."

"அதனாலதான் மலையை ஜனவரிக்கு வெச்சிண்டிருக்கேன். அதுவரைக்கும் பர்த்வான் பக்கம் ப்ராக்டிஸ். போறது சைக்கிள், வரது லோக்கல் ரயில்."

மலையைச் சொன்னது தப்பு. கொக்கோடு நிறுத்தியிருக்கலாம்.

விஜி கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஆனா போன்ல அந்த சைக்கிள் ஆப்பைப் போட்டுக்கணும். எங்க போறேள், எங்க நிக்கறேள்னு எனக்குத் தெரியணும். வழியில மயக்கம் கியக்கம் வந்தா?"

இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோனேன்.

முதல் ஞாயிறு நான் யோக்கியன். சத்தியமாகச் சொல்கிறேன். சைக்கிளோடு படகில் ஏறி ஹவுராவில் இறங்கினேன். ஆப்பைத் தட்டினேன். ஏறி மிதித்தேன். இருநூறு கெஜம் போனதும் இரண்டு முழங்காலும் சேர்ந்து ராஜினாமா கொடுத்தன. திரும்பிப் பார்த்தால் ஹவுரா ஸ்டேஷன். உள்ளே பர்த்வான் லோக்கல் புறப்படத் தயாராக நின்றது. காய்கறிக் கூடையும் பால் கேனும் ஏற்றுகிற வெண்டர் பெட்டியில் ஒரு சைக்கிளுக்கு இடம் இருந்தது. "எஷோ தாதா", வாங்க அண்ணா என்று ஒரு பால்காரர் கை கொடுத்தார். ரயில்வேக்காரன் ரயிலை மறுக்கலாமா?

ஆப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வசதி. ஜி.டி. ரோடும் ரயில் பாதையும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகின்றன. மேப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே கோடு மாதிரிதான் தெரியும்.

பர்த்வானுக்கு முன்னால் சக்திகர் வந்தது. இறங்கிவிட்டேன். வங்காளத்தில் வாழ்கிற யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சக்திகர் என்றால் லேங்சா. விரல் நீளம், நல்ல கறுப்பு, பாகில் ஊறி ஊறி முதுகெலும்பே இல்லாமல் போன பண்டம். குலாப்ஜாமூனுக்கு அண்ணன். ஸ்டேஷனிலிருந்து கடை வரை சைக்கிளில்தான் போனேன். அந்த ஒரு கிலோமீட்டருக்கு எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்வேன்.

ஒரே ஒரு சிக்கல். ரயில் வேகத்தில் சைக்கிள் போனால் விஜி நம்புவாளா? நான் கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தில் நேரந்தவறாமைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ரயில் ஏன் லேட் என்று காரணம் எழுதுவது என் உத்தியோகம். சராசரியை எப்படி இறக்குவது என்று எனக்கா தெரியாது? ஆப்பை அணைக்காமல் கடையிலேயே இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் கடைக்காரர் தப்பாக நினைப்பாரே என்று ஆறு லேங்சா. சராசரி மணிக்கு இருபத்திரண்டுக்கு இறங்கியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விஜி போனை வாங்கிப் பார்த்தாள். மேப்பை ஒரு விநாடி பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த நேரம், தூரம் கிராஃபை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பலே! தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டரா?"

"ஏதோ, முடிஞ்சது."

"அடுத்த வாரமும் போங்கோ."

போனேன். அதற்கு அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது வாரம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன்னா, பண்டேல் கிட்ட எட்டு நிமிஷம் நின்னிருக்கேளே?"

ரயிலுக்குச் சிக்னல் விழவில்லை. "பங்ச்சர்" என்றேன்.

"அடப்பாவமே" என்றாள் விஜி.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. என் மாமனார் ஹவுரா கன்ட்ரோல் ஆபீஸில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்த ரயில் எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறது, எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பெரிய தாளில் பென்சிலால் கோடு இழுப்பார். தினம் ஒரு தாள். அந்தப் பழைய சார்ட்டைக் கிழித்துத்தான் விஜியின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டார்களாம். கல்யாணமான புதிதில் அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஐந்தாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை. தமிழ்ச் சங்கச் செயலாளர் சுந்தரராஜன் வாசலில் நின்றார். கையில் ரோஜா மாலைக்கான ஆர்டர் சீட்டு.

"வெங்கட்! நம்ம சங்கத்தோட குளிர்கால பிக்னிக் இந்தத் தடவை சுசுனியா மலையிலே. பஸ்ஸுல நாப்பது பேர். நீர் சைக்கிள்ல வரீராமே!"

"யார் சொன்னா?"

"உம்மாத்துலதான் சொன்னா. துர்காபூர் அணை வரைக்கும் சைக்கிளை பஸ் மேல கட்டிண்டு போறோம். அங்கேர்ந்து நீர் கால்வாய்க் கரையோட வரீர். மலை அடிவாரத்துல மாலை!"

உள்ளே போய் விஜியிடம் பாய்ந்தேன்.

"என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்?"

"நீங்கதானே ஜனவரிக்கு மலைன்னு சொன்னேள்? தொண்ணூத்தஞ்சு மிதிக்கறவருக்கு அம்பது ஒரு தூரமா?"

அன்று ஆபீஸில் வேலையே ஓடவில்லை. ரயில்வே மேப்பை மேஜையில் விரித்துத் தேடினேன். அணையிலிருந்து மலை வரைக்கும் ஒரு பாசஞ்சர், ஒரு கூட்ஸ், ஒரு டிராலியாவது போகாதா? அந்த வழியில் தண்டவாளமே இல்லை. இருபத்தேழு வருஷம் நான் உழைத்த ரயில்வே என்னை நட்டாற்றில் விட்டுவிட்டது.

பிக்னிக் அன்று விடியற்காலையில் பஸ் கிளம்பியது. ஹைவேயில் டீக்கு நிறுத்தினார்கள். எட்டிப் பார்த்தேன். சக்திகர்! அதுவும் என் கடை! முகத்தை மப்ளரால் சுற்றிக்கொண்டு சீட்டுக்கு அடியில் குனிந்தேன்.

"ஏன்னா, நீங்க இறங்கலையா?"

"ஷூ லேஸ் கட்டறேன்."

"கட்டுங்கோ, கட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இருபது நிமிஷம் லேஸ் கட்டினேன். நான்கு டப்பாக்களோடு திரும்பி வந்தாள். "கடைக்காரர் தங்கமான மனுஷர். நன்னாப் பேசினார்."

துர்காபூர் அணையில் என்னையும் சைக்கிளையும் இறக்கினார்கள். நாற்பது பேர் கை தட்டினார்கள். பஸ் போய்விட்டது. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் கடுகுப் பூ. மிதித்தேன். வாத்துகள் என்னைத் தாண்டிப் போயின. கேரியரில் விறகுக் கட்டும் ஹாண்டிலில் பையுமாக ஒரு அம்மாள் என்னைத் தாண்டிப் போனாள். கால்வாயை விட்டுத் திரும்பியதும் செம்மண் மேடு. ஏறினால் இறக்கம், இறங்கினால் இன்னொரு மேடு. அரை மணிக்கொரு தடவை போன் அடித்தது.

"இப்ப எங்க இருக்கேள்?"

"செத்துண்டிருக்கேன்."

"எந்த ஊர் கிட்ட?"

ஊர் பேரைச் சொன்னால், "பன்னெண்டு நிமிஷம் லேட்" என்று வைத்துவிடுவாள். உண்மையைச் சொன்னால், சால மரங்களுக்கு நடுவில் தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை அவளிடம் நான் சொல்லப் போவதில்லை.

ஒன்றரை மணிக்கு அடிவாரத்தில் விழுந்தேன். மாலை போட்டார்கள். ஃபோட்டோ எடுத்தார்கள். விஜி டப்பாக்களைத் திறந்தாள். ஆளுக்கு இரண்டு லேங்சா. நாற்பது பேருக்கும் கொடுத்துவிட்டு, என் கையில் ஒரு வெள்ளரிக்காயை வைத்தாள்.

"விஜி, அம்பது கிலோமீட்டர் மிதிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு."

"உங்க பங்குதான் ஆயாச்சே. அஞ்சு ஞாயித்துக்கிழமை. சக்திகர்ல ரெண்டேகால் மணி நேரம்."

வெள்ளரிக்காயைக் கீழே வைத்தேன். "கடைக்காரன் சொல்லிட்டானா?"

"அவர் இன்னிக்குத்தான் சொன்னார். உங்க சைக்கிள் மொத நாளே சொல்லிடுத்து. லிலுவால ஒரு நிமிஷம், பேலூர்ல ஒரு நிமிஷம், பாலில ஒரு நிமிஷம். ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு போற சைக்கிளை நான் பார்த்ததே இல்லை. எந்த லோக்கல்னுகூடச் சொல்லட்டுமா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா இன்னிக்கு இவ்வளவு தூரம் மிதிச்சிருப்பேளா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. தலைப்பால் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "நன்னா வேர்த்திருக்கு. டாக்டர்பாபு சந்தோஷப்படுவார்."

அப்புறம் கைப்பையிலிருந்து மடித்த பெரிய தாள் ஒன்றை எடுத்து என் மடியில் விரித்தாள். மாமனாரின் பழைய சார்ட். பின்பக்கத்தில் புதுப் பென்சில் கோடுகள். மார்ச் கடைசி வரை ஒவ்வொரு ஞாயிறும் நான் எத்தனை மணிக்கு எந்த ஊரில் சைக்கிளில் இருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்து இழுத்திருந்தாள். விரலால் தடவித் தடவித் தேடிப் பார்த்தேன். சக்திகரில் எனக்கு நிறுத்தம் இல்லை.