பூட்டில்லாமல் வருகிறது மாமன் சீர்

சிதம்பரம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய அறிவழகன் மாமாவுக்கு, மச்சான் சிங்காரம் கைகூப்பி எழுதுவது. இங்கே பீரோ பட்டறையில் கம்ப்யூட்டரைத் தவிர எல்லோரும் நலம். கடலூரில் கல்யாண வீட்டார் அனைவரும் நலமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால்தான் பீரோ ஏற்றிவரும் ராபர்ட்டின் கையில் இந்தக் கடிதம். தனியாகப் படியுங்கள்.

காயத்ரிக்கு நான் தாய்மாமன் சீராகத் தரும் பீரோவில் பூட்டு இல்லை. பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கிறது. இதற்கு முதல் காரணம் நீங்கள்தான் மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். புது சாப்ட்வேர் வாங்கப் போகிறேன் என்றபோது, "இருக்கறதுலயே பாதிய நீ தொறந்து பாக்கல மச்சான், பில்லு போட மட்டுமா அத வாங்குன? மொதல்ல இருக்கறத ஒழுங்கா ஓட்டு" என்று தடுத்தது யார்? உங்கள் பேச்சைத் தட்டாமல் கம்பெனியிலிருந்து வெண்மதி என்ற பெண்ணை வரவழைத்தேன். அந்தப் பெண் எதையெதையோ தட்ட, சரக்குக் கணக்கு, கொள்முதல், வாடிக்கையாளருக்குத் தகவல் என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டது. "எல்லாமே உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு சார்" என்றாள். இத்தனை வருஷம் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட பெட்டிக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு வயிறு எரிந்தது. எந்தச் சாமான் குறைந்தாலும் கம்ப்யூட்டரே ஆர்டர் அனுப்பிவிடுமாம். எவ்வளவு குறைந்தால் என்று கேட்டாள். இருக்கும்போதே எதற்கு வாங்க வேண்டும், சுத்தமாகத் தீர்ந்தால் வாங்கட்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஸ்டோர் பார்க்கும் கொளஞ்சியம்மாள் தினமும் சாமான்களை எண்ணித் தட்டவேண்டும் என்று ஏற்பாடு. அந்த அம்மாளும் தவறாமல் தட்டினார். இன்று காலை பூட்டு கேட்டால் அலமாரி துடைத்துவிட்டதுபோல் கிடக்கிறது, கம்ப்யூட்டரோ ஒரு பூட்டு இருக்கிறது என்று சாதிக்கிறது. அந்த ஒன்றைத் தேடிப் பட்டறையையே புரட்டிப் போட்டோம். பெயின்ட் டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தோம். வாய் சும்மா இருக்காமல் நான் வெல்டர் காத்தவராயனை ஒரு மாதிரி பார்த்து, "நீ எடுத்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகுதான் கொளஞ்சியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "அவுர ஏன்யா கேக்குறீங்க? அது நான் போட்ட ஒண்ணு. கல்யாண சீசன்ல போயி யாராச்சும் சைபர் போடுவாங்களா? பட்டற வெளங்குமா? தீந்து போனதுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணுன்னுதான் போட்டு வெக்கிறன்." நான் எப்படித் திட்டுவேன்? மொய் எழுதும்போது ஒற்றை ரூபாய் சேர்க்காமல் நானே எழுதமாட்டேன். அந்த ஒன்றை நம்பி கம்ப்யூட்டர் எந்த ஆர்டரும் அனுப்பாமல் நிம்மதியாக இருந்திருக்கிறது.

மாமா, நான் ஒரே தாய்மாமன். ஊரெல்லாம் பீரோ விற்கிறவன் சொந்த அக்கா மகளுக்கு ஓட்டைப் பீரோ கொடுத்தான் என்று திட்டக்குடி சம்பந்தி வீட்டார் காலமெல்லாம் பேசுவார்கள். நினைத்தாலே அழுகை வருகிறது. தயவுசெய்து சீர் பரப்பும்போது பீரோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே ஒரு பட்டுப்புடவையைத் தொங்கவிடுங்கள். காயத்ரிக்கும் அக்காவுக்கும் மூச்சு விடாதீர்கள். நாளை முதல் அந்த சாப்ட்வேரில் பில் மட்டும்தான், மற்றதையெல்லாம் மூடிவிடப் போகிறேன்.

மணமக்கள் பதினாறும் பெற்று வாழ அந்த நடராசர் அருளட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சிங்காரம்

பின்குறிப்பு: ராகுகாலம் முடிந்ததும் நானே துணிந்து சைபர் போட்டேன். உடனே அது பூட்டுக்கு ஆர்டர் அனுப்பியதோடு நில்லாமல், 'பூட்டு இருப்பில் இல்லை, உங்கள் பீரோ தாமதமாகும்' என்று, பீரோ பில்லில் பெயரும் நம்பரும் போட்டிருந்த காயத்ரிக்கே மெசேஜும் அனுப்பிவிட்டது. அதற்குள் காத்தவராயன் சேத்தியாத்தோப்பு போய் ஒரு பூட்டு வாங்கிவந்து, "இந்தாங்க, நான் திருடுன பூட்டு" என்று மேசைமேல் வைத்தார். மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மாட்டச் சொல்லும்போது காயத்ரியிடமிருந்து போன். "மாமா, பூட்டு வெக்காதீங்க. வெச்சா சாவி அவுங்க அம்மா இடுப்புலயா என் இடுப்புலயான்னு மொத நாளே பேச்சு வரும். தொறந்தே கெடந்தா வம்பில்ல" என்றாள். பெண் சொன்னால் சரிதான். அதனால் வேண்டுமென்றே பூட்டில்லாமல் அனுப்புகிறேன். சாப்ட்வேர் அப்படியே ஓடட்டும். பீரோவைத் திருப்ப வேண்டாம், புடவையும் வேண்டாம். சம்பந்தி அம்மாள் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.